மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாராட்டு விழா: நடத்துவோர் கேட்கும் கேள்விகள்

மே மாதம் தேர்வு முடிவுகள் வந்ததும் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். தலைமை ஆசிரியர்கள், முன்னாள் மாணவர் சங்கத்தினர், ஊர் நற்பணி மன்றத்துத் தம்பிகள் என்று பலரும் கூப்பிடுவார்கள். "எங்க பள்ளியில பார்வையில்லாத பொண்ணு ஒண்ணு நல்ல மார்க் வாங்கியிருக்கு டீச்சர். விழா எடுக்கணும். எப்படிச் செய்யலாம்?" நான் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. பதினாறு ஆண்டுகளாகப் பொதுத்தேர்வில், தானே எழுத முடியாத மாணவர் சொல்லும் விடையைத் தாளில் எழுதிக்கொடுக்கும் 'சொல்வதை எழுதுபவராக'ப் போய்வருகிறேன். இப்படிப்பட்ட விழாக்கள் பலவற்றில் கூடமாட நின்று வேலையும் செய்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

வேறொருவர்தானே எழுதினார், அந்த மதிப்பெண் எப்படி அந்தப் பிள்ளையுடையது ஆகும்?

இந்தக் கேள்வியை விழா மேடைக்குப் பின்னால் நின்று தணிந்த குரலில் கேட்பார்கள். முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இது தெளியாமல் நடக்கும் விழா வெறும் இரக்கமாகத்தான் முடியும்.

ஒரு வரலாற்றுத் தேர்வு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தென்காசிப் பக்கத்துப் பெண், பிளஸ் டூ. வினாத்தாளை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். நெடுவினாக்களை மட்டும் இன்னொரு முறை கேட்டாள். பிறகு, "பெரிய கேள்வியில ரெண்டாவதும் நாலாவதும் எழுதுறேன் டீச்சர், சின்னதுல மூணை விட்டுடுவோம்" என்று திட்டம் போட்டுவிட்டாள். அந்த வினாத்தாள் முழுக்க அவள் தலைக்குள் இருந்தது. பார்வையுள்ள பிள்ளை சந்தேகம் வந்தால் தாளைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளும். இவளுக்கு அந்த வசதி கிடையாது.

சொல்லச் சொல்ல எழுதினேன். "தலைப்பு போடுங்க. கீழ ஸ்கேல் வச்சுக் கோடு போடுங்க டீச்சர், திருத்துறவங்க கண்ணுல படணும்." "அடுத்த பத்தி." "கமா." நடுவில் நிறுத்தி, "ரெண்டாவது விடையில நாலு காரணம்தான் சொன்னேன், அஞ்சாவது இருக்கு. இடம் விட்டிருக்கா?" என்றாள். அந்த விடையை எழுதி இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் தாளைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். நான்குதான் இருந்தன.

எழுதுபவருக்கு என்ன அதிகாரம் என்றால், ஒன்றும் கிடையாது. அவர் அந்தப் பாடத்தின் ஆசிரியராக இருக்கக்கூடாது. தவறான ஆண்டைச் சொன்னால் தவறான ஆண்டைத்தான் எழுத வேண்டும். முகத்தைச் சுளித்தாலும் பிள்ளைக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். பேனா தயங்கி நிற்பதைக்கூட அவர்கள் காதால் கண்டுபிடித்துவிடுவார்கள். மாறாக, எழுதுபவரின் கையெழுத்து மோசமாக இருந்தாலோ, சொல்லும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனாலோ, அந்த இழப்பு மாணவருடையது. கூடுதல் நேரம் தருவது இதற்காகத்தான். 2018-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட நெறிமுறை, ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் என்கிறது. மூன்று மணி நேரத் தேர்வு என்றால் ஒரு மணி நேரம் கூடுதல். அதைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வாசித்துக் கேட்கவும், சொல்லி எழுதவைக்கவும், மறுபடி வாசிக்கச் சொல்லித் திருத்தவும் ஆகும் நேரம் அது.

இதை விழாவில் சொல்லுங்கள். "இந்த மாணவி இப்படித்தான் தேர்வு எழுதினார்" என்று இரண்டு நிமிடம் விளக்கினால் போதும். கூட்டத்தில் இருக்கும் மற்ற மாணவர்கள் அதற்குப் பிறகு கைதட்டுவது வேறு மாதிரி இருக்கும். பார்த்திருக்கிறேன்.

எதைச் சாதனை என்று எடுத்துக்கொள்வது? முதல் மதிப்பெண் வந்தால் மட்டுமா?

எல்லா மாணவர்களுக்கும் என்ன அளவுகோலோ, அதுதான் இவர்களுக்கும். ஓட்டப்பந்தயத்தில் வென்றால் ஓட்டத்துக்கு, கவிதை எழுதினால் கவிதைக்கு. ஆனால் எதைப் பாராட்டுகிறோம் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். "குறையையும் மீறிச் சாதித்த" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். பொருளியலில் 94 வாங்கினான் என்றால் பொருளியலைப் பற்றிப் பேசுங்கள். பாடப்புத்தகத்தை எப்படிப் படித்தான்? விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலில் ஒரு பாடநூல் பல பாகங்களாக விரியும். தலையணை தடிமனுக்கு ஒவ்வொன்றும். அதுவும் பள்ளி திறந்த அன்றே கையில் கிடைப்பதில்லை. அக்காவோ பக்கத்து வீட்டுத் தோழியோ வாசித்துப் பதிவு செய்த ஒலியைக் கேட்டு, தானே குறிப்பெடுத்துப் படித்திருப்பான். கேட்டுப் பாருங்கள், ஒவ்வொருவரிடமும் ஒரு முறை இருக்கும்.

தேர்ச்சி மட்டுமே பெற்ற பிள்ளையையும் மேடைக்கு அழைக்கலாமா என்று கேட்கிறார்கள். அதே வகுப்பில் தேர்ச்சி பெற்ற மற்றவர்களையும் அழைக்கிறீர்கள் என்றால் தாராளமாக அழைக்கலாம். இவரை மட்டும் அழைத்தால், அவருக்கே சங்கடம்.

தனியாக விழா எடுப்பதா, ஆண்டு விழாவோடு சேர்ப்பதா?

சேருங்கள். டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் நாள், ஜனவரி 4 லூயி பிரெயில் பிறந்த நாள், செப்டம்பர் 23 சைகை மொழி நாள். இந்த நாட்களில் நிகழ்ச்சி வைப்பது நல்லதுதான். ஆனால் கணக்கில் முதல் பரிசு வாங்கிய மாணவருக்கு அடுத்து, அதே வரிசையில், அதே கேடயத்தை வாங்குவதில் இருக்கும் மதிப்பு தனி விழாவில் வராது.

எந்தச் சொல்லால் அழைப்பது?

தமிழ்நாட்டில் 2010 முதல் அரசு ஆவணங்களில் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் வழங்குகிறது. அழைப்பிதழில் அதையே போடலாம். பேசும்போது பார்வையற்ற நண்பர்கள் பலர் தங்களைப் 'பார்வையற்றவர்' என்றுதான் இயல்பாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சிலருக்குப் 'பார்வை மாற்றுத்திறனாளி' பிடிக்கும். மேடையேறும் மாணவரிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். 'குருடு', 'செவிடு', 'நொண்டி', 'ஊமை' போன்ற சொற்கள் பழமொழிக்குள் ஒளிந்துகூட வரக்கூடாது. சிறப்பு விருந்தினரிடமும் இதை முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், பழக்கதோஷத்தில் வந்துவிடுகிறது. 'தெய்வக் குழந்தை' என்பதும் வேண்டாம். அவர்கள் பிளஸ் டூ மாணவர்கள்.

சான்றிதழைப் பிரெயிலில் கொடுக்க முடியுமா? செலவு ஆகுமா?

இந்தப் பதில் கொஞ்சம் நீளும். இதை நான் தவறு செய்து கற்றுக்கொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நடத்திய ஒரு விழாவில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் கட்டுரைப் போட்டிக்கான கேடயம் கொடுத்தோம். பளபளவென்ற அக்ரிலிக் கேடயம். வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விரல்களால் விளிம்பைத் தடவினாள், நடுவில் தடவினாள், பின்பக்கம் திருப்பித் தடவினாள். பிறகு மெதுவாக, "டீச்சர், இதுல என் பேரு எங்க இருக்கு?" என்று கேட்டாள். பேர் நடுவில் பொன்னிறத்தில் அச்சாகியிருந்தது. கையில் தட்டுப்படும்படி ஒரு புள்ளிகூட இல்லை. அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். வழவழவென்றிருந்தது. அன்றைக்குப் பேச முடியாமல் போனவள் நான்தான்.

அதற்குப் பிறகு பிரெயில் இல்லாமல் நாங்கள் எதையும் கொடுப்பதில்லை. செலவு மிகக் குறைவு. தடித்த தாள் ஒன்று, பிரெயில் பலகை ஒன்று, எழுத்தூசி ஒன்று. அருகில் உள்ள பார்வையற்றோர் பள்ளி ஆசிரியரோ, அங்கே படித்த முன்னாள் மாணவரோ பத்து நிமிடத்தில் எழுதித் தருவார்கள். கேடயத்தில் ஒட்ட, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் குத்திக்கொண்டால் கீழே உள்ள அச்செழுத்தும் மறையாது.

பலகையில் எழுதுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தாளின் பின்பக்கமாக, வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிக் குத்தி, பிறகு தாளைத் திருப்பினால் புள்ளிகள் புடைத்துக்கொண்டு இடமிருந்து வலமாக வாசிக்கக் கிடைக்கும். ஆறு புள்ளிகளுக்குள் தமிழ் முழுக்க அடங்கிவிடுகிறது. 'அ' என்றால் ஒரே ஒரு புள்ளி. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் வந்தது. அதில் உயிர்மெய்யை ஒலிக்கும் வரிசையிலேயே எழுதுவார்கள். அச்சில் 'கொ' என்பதற்கு ஒற்றைக்கொம்பை முன்னால் போட்டு, காலைப் பின்னால் போட்டு, 'க'-வை நடுவில் வைக்கிறோம். பிரெயிலில் 'க', அதையடுத்து 'ஒ'. அவ்வளவுதான். தமிழாசிரியையாகச் சொல்கிறேன், இதைப் புரிந்துகொண்ட நாளில் நம் எழுத்தைப் பற்றியே எனக்குப் புதிதாக ஒன்று தெரிந்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஒட்டிய பிறகு பிரெயில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை தலைகீழாக ஒட்டிக் கொடுத்துவிட்டோம்.

மேடையில் ஏற எப்படி உதவுவது?

பார்வையில்லாத மாணவரைக் கையைப் பிடித்து இழுக்கவோ, தோளைப் பிடித்துத் தள்ளவோ கூடாது. உங்கள் முழங்கையை நீட்டுங்கள். அவர் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவார். "நாலு படி, ஏறுது" என்று சொன்னால் போதும். விழாவுக்கு முன்பே காலியான மேடையில் ஒருமுறை நடந்து பார்க்கவிட்டால் இன்னும் நல்லது. பரிசு கொடுப்பவர் வாயைத் திறந்து தன் பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எதிரே யார் நிற்கிறார் என்று தெரியாமல் கைகுலுக்குவது யாருக்கும் பிடிக்காது.

சக்கர நாற்காலி மாணவர் இருந்தால் கணக்குப் போடுங்கள். சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் இருக்க வேண்டும். மூன்றடி மேடைக்கு 36 அடி. பந்தல்காரர் பலகையைச் சாய்த்துவைத்துத் தரும் ஆறடிச் சரிவில் ஏற்றினால் நாற்காலி பின்னுக்குக் கவிழும். நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப் போகலாம் என்று உடனே ஒருவர் சொல்வார். தயவுசெய்து வேண்டாம். பதினேழு வயதுப் பிள்ளையை ஊர் பார்க்கத் தூக்கிக்கொண்டு போவது பாராட்டில் சேராது. 36 அடி சாய்தளம் போட இடமில்லையா, பரிசளிப்பு முழுவதையும் தரையில் வையுங்கள். எல்லாருக்கும் தரையில். விருந்தினர் இறங்கி வரட்டும். ஒரு பள்ளியில் அப்படிச் செய்தோம். பின்வரிசைப் பெற்றோர்கூடத் தங்கள் பிள்ளையைக் கிட்டத்தில் பார்த்தார்கள்.

காது கேளாத மாணவர்களுக்கு?

சைகை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்து, வெளிச்சம் முகத்தில் படும்படி மேடை ஓரத்தில் நிற்கவையுங்கள். பேச்சாளர் அவரைப் பார்த்துப் பேசாமல் மாணவரைப் பார்த்துப் பேச வேண்டும். கைதட்டலுக்கு அவர்கள் முறை வேறு: இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை விரித்து அசைப்பார்கள். கூட்டத்துக்கு ஒருமுறை செய்து காட்டிவிட்டால் போதும், ஐந்நூறு பேர் கையை உயர்த்தி ஆட்டும்போது அந்தப் பிள்ளை முகத்தைப் பாருங்கள்.

கற்றல் குறைபாடு, ஆட்டிசம் உள்ள மாணவர்களை எப்படிச் சேர்ப்பது?

மேடை, மைக், வெடி, நாதஸ்வரம் எல்லாம் சில பிள்ளைகளுக்குத் தாங்காது. வகுப்பறையில் நண்பர்கள் நடுவில் கொடுத்தாலும் அது பரிசுதான். பெற்றோரிடமும் பிள்ளையிடமும் கேட்டுச் செய்யுங்கள். கற்றல் குறைபாடு வெளியே தெரியாது என்பதால் 'சோம்பேறி' என்று பேர் வாங்கிய பிள்ளைகள் நிறைய. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் சிக்கல் உள்ள ஒருவர் தொடுத்த வழக்கில், சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளும் உரிமையை 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நாற்பது விழுக்காடு குறைபாடு என்று சான்றிதழ் இருந்தால்தான் தருவோம் என்று மறுக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. இந்த மாணவர்களின் ஆசிரியர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பேச்சில் யாரை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்?

கண்ணுக்கெட்டிய தூரத்தில் உள்ளவர்களைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஹெலன் கெல்லரைத் தெரியும். பெனோ செஃபைனைத் தெரியாது. சென்னைக்காரர். பார்வையற்றோர் பள்ளியில் படித்து, வங்கியில் அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே தேர்வெழுதி, 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுப் பார்வையின்மையோடு அந்தப் பணிக்குப் போன முதல் ஆள் அவர்தான். பார்வையற்றவரான மதுரை பூரண சுந்தரி 2019 குடிமைப்பணித் தேர்வில் 286-ஆம் இடம் பெற்றார். ஒரே முயற்சியில் கிடைத்துவிடவில்லை. முந்தைய முயற்சிகளில் தோற்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விளையாட்டு என்றால் மாரியப்பன் தங்கவேலு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பேருந்து மோதிக் கால் நசுங்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டியில், ரியோவில் 2016-இல் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் 2024-இல் வெண்கலம். அதே பாரிஸில் பாட்மிண்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ் வெண்கலமும் ஒரே பிரிவில் வாங்கி ஒரே மேடையில் நின்றார்கள். நித்ய ஸ்ரீ சிவன் இன்னொரு பிரிவில் வெண்கலம். துளசிமதி அப்போது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவி. மதுரை ஜெர்லின் அனிகா, 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த காது கேளாதோருக்கான ஒலிம்பிக்கில் பாட்மிண்டனில் மூன்று தங்கம் வாங்கியபோது பள்ளி வயதுப் பெண்.

பார்வையற்றவரான ஆந்திராவின் ஸ்ரீகாந்த் பொல்லாவை நான் தவறாமல் சொல்வேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அறிவியல் பிரிவு தர மறுத்தார்கள்; வழக்குப் போட்டு வாங்கினார். 98 விழுக்காடு எடுத்தார். அமெரிக்காவின் எம்ஐடி-யில் படித்துவிட்டு ஊர் திரும்பித் தொழிற்சாலை நடத்துகிறார். நம் ஊரிலும் பார்வையில்லாத பிள்ளை என்றாலே கலைப்பிரிவில் தள்ளிவிடும் வழக்கம் இருக்கிறது. கணக்குப் போட டெய்லர் சட்டகம் என்ற துளைப்பலகை இருக்கிறது. எண்கோணத் துளைகளில் சிறு உலோகக் கட்டைகளைத் திசை மாற்றிச் செருகி எண்களை அமைப்பார்கள். கணினி இருக்கிறது. விருப்பம் இருக்கும் பிள்ளையை ஏன் தடுக்க வேண்டும்?

ஆனால் பாராட்டப்படும் மாணவரின் பக்கம் திரும்பி "நீயும் அவரைப்போல் ஆக வேண்டும்" என்று சொல்லாதீர்கள். அவன் கடை வைக்க ஆசைப்படலாம்.

என்ன பரிசு கொடுப்பது?

கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஒரே பிள்ளைக்கு நாலு சங்கத்தார் நாலு வெள்ளைக்கோல் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். கல்லூரி போகும் பிள்ளைக்கு மடிக்கணினி பெரிய உதவி. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் இலவசம். பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் 2006-இல் தொடங்கிய முயற்சி அது, தமிழையும் வாசிக்கும். நல்ல ஹெட்போன், ஒலிப்பதிவுக் கருவி, தடித்த பிரெயில் தாள் கட்டு, விடுதிக்கான முதல் ஆண்டுக் கட்டணம் எல்லாம் பயன்படுபவை. சுவர்க் கடிகாரம் வேண்டாம்.

படம், வீடியோ எடுக்கலாமா?

மாணவரும் பெற்றோரும் சம்மதித்தால் எடுக்கலாம். அம்மா அழுவதைக் கிட்டத்தில் காட்டி, சோக இசை போட்டு வெளியிடுவதை நான் எந்த விழாவிலும் அனுமதிப்பதில்லை. வெளியிடும் படத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். படத்தில் இருப்பவருக்கே அது வாசிக்கக் கிடைக்க வேண்டாமா?

அதிகாரிகள், மக்கள் பிரதிநிதிகள் வருகிறார்கள். அவர்களிடம் என்ன கேட்கலாம்?

வாழ்த்துரை முடிந்து அவர் கிளம்புவதற்குள் ஒரு தாளைக் கையில் கொடுங்கள். அதில் ஊருக்கு வேண்டியதை எழுதுங்கள்: பள்ளிக் கழிப்பறைக்குச் சாய்தளம், வட்டார வள மையத்தில் காலியாக இருக்கும் சிறப்பாசிரியர் இடம், ஜூன் மாதமே வந்துசேர வேண்டிய பிரெயில் நூல்கள். இவற்றைக் கேட்க நமக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம், அரசு வேலையில் 4 விழுக்காடு. நூல்களைப் பிரெயிலாகவோ ஒலியாகவோ மாற்றப் பதிப்பாளரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. 2012-இலேயே நம் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. இதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகில் முதலில் ஏற்றுக் கையளித்த நாடும் இந்தியாதான். சட்டம் இருந்தும் ஒலிநூல் இல்லாமல் ஒரு பிள்ளை காலாண்டுத் தேர்வு எழுதுகிறது என்றால், அதைக் கேட்பதற்கு விழா மேடையைவிட நல்ல இடம் எது?

விழா முடிந்த பிறகு எங்கள் வேலை முடிந்ததா?

அப்போதுதான் தொடங்குகிறது. மாலை வாடும் முன்பே கல்லூரி விண்ணப்பம், விடுதி, தனித்துவ அடையாள அட்டை, உதவித்தொகை என்று வரிசையாக வரும். இணையத்தில் நிரப்பும் படிவங்களில் பாதி, திரை வாசிப்பானுக்குச் சரியாகப் பிடிபடாது. கூட உட்கார ஆள் வேண்டும். முதல் பருவம் முழுக்க மாதம் ஒருமுறை போன் செய்யுங்கள். புது ஊர், புது விடுதி, வகுப்புக்கும் உணவகத்துக்கும் வழி பழக வேண்டும். படிப்பை விட்டுவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த முதல் ஆறு மாதத்தில்தான் திரும்புகிறார்கள், நான் பார்த்தவரையில். அவர்களில் யாருக்கும் பாடம் கடினமாக இருந்ததில்லை. வாசித்துச் சொல்ல ஆள் இல்லாததுதான் காரணம்.

கேடயத்தில் பேரைத் தேடிய அந்த மாணவி இப்போது என்ன செய்கிறார்?

இந்தக் கதையை எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். பி.எட். முடித்துவிட்டு ஆசிரியராக இருக்கிறார். அந்தக் கேடயத்தை மறு ஆண்டே வாங்கி, பேரைப் பிரெயிலில் ஒட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டோம். வேலை கிடைத்த மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது, தடித்த பழுப்புத் தாளில், முழுக்கப் பிரெயிலில். பிரெயில் எழுத்து அட்டவணையை விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். முதல் வரிக்கே கால் மணி நேரம் ஆனது. "டீச்சர், இத விரலால படிக்கிறீங்களா, கண்ணால படிக்கிறீங்களா?" என்று கேட்டிருந்தார்.